பூனைக்கு வைத்த கூடை

ரேஷன் கடையில் பில் போடுகிறவளுக்கு ஊரில் நல்ல பேர் இருக்காது. பாமாயில் வராத மாதம் அதை நானே குடித்துத் தீர்த்தது போலப் பார்ப்பார்கள். பருப்பில் கல் கிடந்தால் தேடிப் பொறுக்கிப் போட்டதும் நான்தான். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. ஒரு வார்த்தை வந்தால் மூன்று வார்த்தை திருப்பிக் கொடுத்துத்தான் லைட்ஹவுஸ் குப்பத்தில் இத்தனை வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒருநாள் ஊர் முன்னால் கை நீட்ட வேண்டி வந்தது. அதுவும் ஒரு பூனைக்காக.

மகளை ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த சில நாளில் பூனை வீட்டுக்கு வந்தது. மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனால், கவிழ்த்து வைத்திருந்த குண்டான் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. போ என்றேன், போகவில்லை. துடைப்பத்தை எடுத்தேன், துடைப்பத்தோடு விளையாட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பேசினால் காசு செலவாகும் என்று நினைக்கிற மனுஷர். அவரே வாயைத் திறந்து, "இருந்துட்டுப் போவட்டும், வீடு வெறிச்சுனு கீது" என்றார். அந்த வருஷம் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். பேரெல்லாம் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பூனை என்றால் அதுதான்.

வளர வளர அது முழுத் திருடியாகிவிட்டது. குப்பத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை. மற்ற பூனைகள் வெட்டிப் போட்ட தலையையும் குடலையும் தின்றுவிட்டு மரியாதையாக இருக்கும். எங்களுடையதற்கு நல்ல மீன்தான் வேண்டும், அதுவும் அடுத்தவர் வீட்டு மீன். காயப்போட்ட நெத்திலியில் பெரிசாகப் பார்த்து எடுக்கும். வியாபாரத்துக்கு ஒதுக்கிய சங்கராவில் வயிற்றுப் பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை வைக்கும். புகாரெல்லாம் கடைக்கே வரும். அரிசி வாங்க வந்தவள் பையைப் பிடித்துக்கொண்டே, "உன் பூனை இன்னிக்கு இன்னா பண்ணுச்சி தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். "என் பூனைன்னு அது முதுகுல எழுதி ஒட்டியிருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி மடியில் போட்டுக்கொள்வேன். எனக்கு அதன் மேல் உயிர். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு மாமாவுக்கும் அதற்கும்தான் ஆகவே ஆகாது. அவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, வயதில் மூத்தவர். ஊரில் பாதிப் பேர் வலைக்குப் போனால் இவர் தூண்டிலுக்குப் போகிறவர். நீளமான கயிறு, அதில் வரிசையாகத் தங்கூஸ் நரம்பு என்கிற நைலான் இழைகள், ஒவ்வொரு நரம்பின் நுனியிலும் ஒரு தூண்டில் முள். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளிலும் மத்தித் துண்டைக் குத்திக் கயிற்றைக் கூடைக்குள் வளையம் வளையமாக அடுக்குவார். இந்தப் பக்கம் அவர் குத்தக் குத்த, அந்தப் பக்கம் எங்கள் பூனை இரையை உருவிக்கொண்டிருக்கும். செருப்பு பறக்கும். ஒருமுறை அதைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய்த் தோணிரேவில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம், மீன் விற்றுத் திரும்பிய பெண்களோடு ஷேர் ஆட்டோவில் ஒருத்தி மடியில் உட்கார்ந்து ஜம்மென்று வந்து இறங்கியது. அன்றைக்கு நான் போட்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

கடையில் மட்டும் மாதம் ஒருமுறை பேசியாக வேண்டும். கைரேகை மெஷின் அவருடைய கட்டைவிரலை ஏற்காது. நரம்பை இழுத்து இழுத்து, உப்பில் ஊறி வழவழவென்று ஆகிவிட்ட விரல். "தொடச்சி வை... அழுத்தி வை... உன் விரல்ல ரேகையே இல்லியா?" என்று நான் கத்துவேன். வரிசையே சிரிக்கும். அவர் அடுத்த விரலை வைப்பார். அதுவும் ஏறாது.

நான் கை நீட்ட வேண்டி வந்த வாரம் பெரிய காற்று. ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. யார் கையிலும் காசில்லை, எங்கள் வீட்டில் இருந்த காசும் படகு எஞ்சின் ரிப்பேருக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் காற்று அடங்கி விழுந்துவிடும் என்று மாமா காலையிலேயே இரை குத்த உட்கார்ந்துவிட்டார். நான் கடையைத் திறந்து மூன்று நாலு பேருக்குத்தான் பில் போட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "பூனை முள்ள முழுங்கிடுச்சி" என்றார்.

போய்ப் பார்த்தால் மாமா அதைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. முன்காலால் தாடையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது.

"நரம்பு எங்க?" என்றேன்.

"வாயோட ஒட்ட வெட்டிட்டேம்மா. இல்லன்னா கயித்தோட கெடந்து அடிச்சிக்கும்."

மீனுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஆழமாக முழுங்கிய மீனிடம் மல்லுக்கட்டாமல் நரம்பை வாயோடு வெட்டிவிட்டு அடுத்த முள்ளுக்குப் போவார்கள். முள் மீனுக்குள்ளேயே இருக்கும், பிறகு அறுக்கும்போது கையில் தட்டுப்படும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோணிரேவுச் சாக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. "வேணும்னுதான வெச்ச? உன் கண்ணு இப்ப குளுந்துச்சா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பூனையைப் பிடுங்கிக்கொண்டேன்.

பழவேற்காட்டில் மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, உடனே எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், அறுக்க வேண்டியிருக்கும், அதற்கு இங்கே வசதியில்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆட்டோ பிடித்தோம். வீட்டுக்காரருடைய லுங்கியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அது கத்தவில்லை. எதற்கெடுத்தாலும் தெருவைக் கூட்டுகிற பூனை கத்தாமல் கிடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வழியெல்லாம், "திருட்டு நாயே, வீட்ல சோறு போடலையா நான்?" என்று திட்டிக்கொண்டே போனேன். பூனையை யார் நாயே என்று திட்டுகிறார்கள் என்று ஆட்டோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பேர் என்ன என்று கேட்டாள். "பூனை" என்றார் என் வீட்டுக்காரர். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள், அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. படத்தில் முள் பளிச்சென்று தெரிந்தது. வயிற்று வாயில் குத்தி நின்றது.

"நரம்பு வெளில இல்லையாம்மா? கையளவு விட்டிருந்தாக்கூட அது வழியாவே குழாயை விட்டு, வயித்தக் கிழிக்காம எடுக்க முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப ஆபரேஷன்தான்."

நாளை மத்தியானத்துக்குள் செய்தாக வேண்டும், அதற்கு மேல் போனால் முள் கிழித்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது என்றாள். அதுவரை ட்ரிப்ஸில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தன் ஃபீஸைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அப்படியும் அவள் சொன்ன தொகை எங்களுக்கு மலை. படத்துக்கும் ட்ரிப்ஸுக்கும் கொடுத்ததோடு கையில் இருந்தது தீர்ந்தது. என் காதில் கிடந்தது கவரிங். நல்லதெல்லாம் மகள் கல்யாணத்தோடு போய்விட்டது.

"நான் இங்க இருக்கேன். நீ ஊருக்குப் போய்க் கேளு" என்றார் வீட்டுக்காரர்.

"நானா? யார்கிட்டப் போய்க் கேக்கச் சொல்ற?"

"எனக்கு வாய் வராது. உனக்கு வரும்."

"எனக்குத் திட்டத்தான் வரும்."

அவர் கூண்டுக் கம்பிக்குள் கையை விட்டிருந்தார். பூனை அவர் உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

பொன்னேரியில் வண்டி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது காற்று விழுந்திருந்தது. ஊரே கரையில் நின்று படகு தள்ளிக்கொண்டிருந்தது. மாமா தூண்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். பேசாமல் போயிருக்கலாம். நான் போவேனா?

"கையளவு நரம்ப விட்டு வெட்டியிருந்தா வயித்தக் கிழிக்காம எடுத்திருக்கலாமாம். டாக்டர் சொன்னாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பணம் கட்டலன்னா அது செத்துரும். கேட்டுக்க."

அவர் கூடையைக் கீழே வைத்தார். "மீனுக்கு அப்படித்தாம்மா வெட்டிப் பழக்கம்" என்றார். அவ்வளவுதான். மணலைப் பார்த்தபடியே கூடையைத் தூக்கினார், படகுக்குப் போய்விட்டார். இன்னும் ரெண்டு திட்டலாம் என்றிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீடு வீடாக வசூல் செய்ய மாட்டோம். காலையில் படகு வந்ததும் ஒரு கூடையை நடுவில் வைப்போம். நோயாளி வீட்டு ஆள் முதல் மீனைப் போட, வருகிற படகெல்லாம் ஒவ்வொரு கை மீன் போடும். பிறகு ஏலம். ஏலத்தில் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அடுத்தவர் அதையே ஏலம் கேட்பார். தேவையான பணம் சேருகிறவரை அந்தக் கூடை சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் மீன் நோயாளி வீட்டுக்குப் போகும். ஆஸ்பத்திரிக் கூடை என்போம். அது மனுஷருக்கு. பூனைக்கு வையுங்கள் என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. விடிந்ததும் கரைக்குப் போய்த் தெரிந்தவர்களிடம் கடனாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நெத்திலிக்காரியிடம் முதலில் போனேன். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா நியாயம் இது? நெத்திலியும் என்னுது, காசும் என்னுதா?" என்றாள். சொல்லிக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்து இருந்த ஒரே நோட்டைக் கையில் திணித்தாள். அடுத்தவர், "பூனைக்கு ரேஷன் கார்டு கீதா?" என்று கேட்டுவிட்டு, படகு வரட்டும், பார்க்கலாம் என்றார். இன்னொருவர் பூனை தின்ற சங்கராவைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். வேறு நாளாக இருந்தால் எல்லோருக்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்குத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. கையில் சேர்ந்தது பஸ் செலவுக்குத்தான் காணும்.

மாமாவின் படகு வந்தது. அவர் இறங்கி, யாரையும் பார்க்காமல், ஒரு காலிக் கூடையைக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அக்கா முன்னால் வைத்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு பெரிய கொடுவா மீன் விழுந்திருந்தது. அதைத் தூக்கிக் கூடையில் போட்டார்.

"ஆஸ்பத்திரிக் கூடை" என்றார்.

ஏலக்கார அக்காவுக்கு மைக் தேவையில்லாத தொண்டை. "யாருக்கு?" என்றாள்.

"எனக்கு."

"உனக்கு இன்னா வந்துச்சி? நல்லாத்தான நிக்கிற?"

"என் முள்ளுல ஒண்ணு மாட்டிக்கிச்சி. மெட்ராஸ் ஆஸ்பத்திரில கெடக்குது."

கரையில் சிரிப்பு எழுந்தது. ஊர்த் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "அது பூனைப்பா. கூடை மனுசனுக்கு வெக்கிறது. இன்னிக்குப் பூனைக்கு வெச்சா நாளைக்கு கோழிக்கு வெக்கச் சொல்லுவான்."

"என் முள்ளுல மாட்டுனது என்னுது. ஊர்ல அப்படித்தான பேச்சு? போன மாசம் என் கயித்த அறுத்துக்கினு சுறா ஒண்ணு இன்னொருத்தன் வலையில போய் விழுந்துச்சே, முள்ளு யாருதோ மீனு அவனுதுன்னு நீதான தீர்ப்பு சொன்ன?"

"அது மீனு. இது பூனை."

"முள்ளு என்னுதுதான? நான் வெட்டுன வெட்டுதான? அப்ப கஷ்டமும் என்னுதுதான். எனக்கு கஷ்டம்னா கூடை வெப்பீங்களா மாட்டீங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகைதான் வந்தது. ஊர் முன்னால் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. தலைவர் தன் படகுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஒரு கை போடுங்கப்பா" என்றார்.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கடல் திறந்த நாள், எல்லாப் படகிலும் மீன். கூடை நிறைந்தது. அன்றைய மீன் விற்ற காசில் நெத்திலிக்காரி ஏலம் கேட்டாள், கூடையைத் திரும்ப வைத்தாள். சங்கராக்காரர் கேட்டார், வைத்தார். வெளியூரிலிருந்து வேன் கொண்டுவந்த ஒரு வியாபாரிக்கு இந்த வழக்கம் தெரியாது. கொடுவாவைப் பார்த்து ஆசைப்பட்டு நல்ல விலை கேட்டு, காசையும் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பெட்டிப் பக்கம் நடந்தார். "யோவ், வைய்யா கீழ!" என்று கரையே கத்தியது. மனுஷர் பதறிப்போய் வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். "பூனைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதே கூடையை மறுபடி ஏலம் கேட்டார்.

ஏலக்கார அக்கா என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். காசு கொடுத்தவர்களை எல்லாம் பார்த்து, அப்படியே என் குரலில், "தொடச்சி வை! அழுத்தி வை! ரேகை ஏறலன்னா காசு வாங்க மாட்டேன்!" என்று கத்தினாள். கரை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஊரே என்னைப் போலப் பேசிக்காட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோபம் வந்திருக்க வேண்டும். அத்தனை பேரையும் கட்டிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

பணத்தைக் கரையில் ஒரு பையனிடம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனில் அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "கெடச்சிடுச்சி, ஆரம்பிக்கச் சொல்லு" என்றேன். "ம்" என்றார். அதன் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடல் போய் வந்த மனுஷர் தூங்கப் போகாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமாவும் உட்கார்ந்திருந்தார். கயிற்றைச் சிக்கெடுக்கிற மாதிரி பாவனை. சிக்கில்லாத கயிறு.

மத்தியானத்துக்கு மேல் போன் வந்தது. "எடுத்துட்டாங்க. மூச்சு நல்லா கீதாம்" என்றார் வீட்டுக்காரர். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் தட்டியைப் பார்த்து, "மாமா, எடுத்துட்டாங்களாம்" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "சரிம்மா" என்று குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

கூடை அவர் பேரில் வைத்தது, மீன் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டார். அவ்வளவையும் என்ன செய்வது? உப்புப் போட்டுக் கொடியில் காயவைத்தேன். பூனை வீட்டுக்கு வந்தபோது கஞ்சித்தண்ணியும் மசித்த முட்டையும்தான் தர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தாள். ஊரார் திருட்டுப் பட்டம் கட்டிய பூனைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நியாயமாக வந்த மீன் தலைக்கு மேல் தொங்கியது. வயிற்றில் கட்டோடு கொடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நாளை ஓட்டியது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

டாக்டர் அந்த முள்ளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை எடுத்துப்போய் மாமாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல முள், மறுபடி கயிற்றில் கட்டிவிடுவார் என்று நினைத்தேன். கட்டவில்லை. டப்பாவோடு வீட்டுக்குள் கொண்டுபோனார். "தோணிரேவுல விட்டப்பவே வராம இருந்திருந்தா இவ்ளோ கஷ்டம் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வாய்யா வெளில" என்றேன். பேச்சு பழையபடி ஆகிவிட்டது.

கட்டுப் பிரித்த மறுநாளே அது அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. புத்தி வரவில்லை. இப்போது செருப்பு பறப்பதில்லை. கடலிலிருந்து வந்ததும் கூடையிலிருந்து சின்ன மீனாக ஒன்றை எடுப்பார். அது எழுந்து அவர் காலைச் சுற்றும். "இரு, இரு" என்பார். எங்கள் மெஷின் இன்றைக்கும் ஏற்காத அந்தக் கட்டைவிரலை மீனின் வாய்க்குள் விட்டு, தொண்டைவரை மெல்லத் தடவிப் பார்ப்பார். திரும்ப ஒருமுறை பார்ப்பார். அதன் பிறகுதான் மீனைக் கீழே வைப்பார்.